ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கர் போதும்

வணக்கம் நண்பரே. கும்பகோணம் கல்யாண மண்டபத்தில் இரண்டு ஸ்பீக்கரிலும் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) விட்டு அளந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் ஒலி அளவில் பள்ளம் விழுகிறது, மைக்கை ஒரு சாண் பக்கவாட்டில் நகர்த்தினால் பள்ளமும் நகர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஈக்வலைசரில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கை வைக்காதீர்கள். மண்டபத்தின் மேல் குற்றமில்லை.

மைக்கிலிருந்து ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட சுமார் 34 செ.மீ. தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தூரத்துக்கு ஒலி எடுத்துக்கொள்வது 1 மில்லி விநாடி. 500 ஹெர்ட்ஸுக்கு அது அரை அலை. ஒரு ஸ்பீக்கரின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கி அழித்துவிடும். 1500-லும் 2500-லும் அதே கதை.

இடதைத் தனியாக, வலதைத் தனியாக அளந்து பாருங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) சும்மா இருக்கும் அவுட்புட்டை ஒரு கேபிள் போட்டு அதன் இரண்டாவது இன்புட்டுக்கே திருப்பிவிட்டால், நேரக் கணக்குக்கு நல்ல பிடி கிடைக்கும்.

அப்புறம், பிங்க் நாய்ஸ் சத்த அளவு வைக்க நல்லது. அளக்க லாகரிதமிக் ஸ்வீப்தான் (கீழ் அதிர்வெண்ணிலிருந்து மேலே ஏறிப்போகும் ஒற்றை ஒலி) என் தேர்வு. ஸ்பீக்கரின் ஹார்மானிக் சிதைவை (அது தானாகச் சேர்க்கும் மடங்கு அதிர்வெண்கள்) தனியே பிரித்துக் காட்டும். ஸ்வீப்பின் நீளத்தை இரட்டித்தால் இரைச்சலிலிருந்து 3 டெசிபல் மேலே வரலாம். மன்னார்குடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஃபேன்கள் சுற்றச் சுற்ற எட்டு ஸ்வீப் எடுத்துச் சராசரி போட்டேன். காற்று அசைந்ததில் மேல் அதிர்வெண்கள் கரைந்தே போயின. ஃபேனை நிறுத்தி ஒரே ஒரு நீள ஸ்வீப் எடுத்ததும் சரியாகிவிட்டது. தவில்காரர் தட்டிப் பார்க்க ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடுங்கள்!