கருப்புத் திரையா? கிரப்பில் ஒரு தடவைக்கு மட்டும் மாற்றிப் பாருங்கள்

கேள்வி: மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். அவனுடைய மேசைக் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமும் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கின்றன. அப்டேட் செய்த பிறகு திரை கருப்பாகவே நிற்கிறது. கிரப்பில் போய் ஒரு வரியைத் திருத்தச் சொல்கிறார்கள். தப்பாகத் தட்டினால் அவனுடைய கோப்புகள் போய்விடுமா? (ஈசூன் வாசகி)

பதில்: போகாது. கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறிய நிரல்தான் கிரப். அதன் பட்டியலில் நீங்கள் செய்யும் திருத்தம் வட்டில் எழுதப்படுவதில்லை. கணினியின் நினைவகத்தில் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும் இருக்கும், மறுபடி தொடங்கினால் பழைய வரியே வரும். அதனால் சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் வீட்டிலேயே தாராளமாக முயன்று பார்க்கலாம்.

முதலில் பட்டியலை வரவழைக்க வேண்டும். தயாரிப்பாளர் சின்னம் மறையும்போது எஸ்கேப் விசையை ஒரு முறை தட்டுங்கள். பயாஸ் என்ற பழைய வகைத் தொடக்க மென்பொருள் உள்ள கணினி என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே இருங்கள். பதற்றத்தில் எஸ்கேப்பைப் பலமுறை தட்டினால் 'கிரப்' என்ற சொல் மட்டும் நிற்கும் கட்டளைத் திரைக்குப் போய்விடும். ஒன்றும் ஆகவில்லை, அங்கே ரீபூட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். புளூடூத் விசைப்பலகை இங்கே பெரும்பாலும் வேலை செய்யாது. கம்பியுள்ள யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகிக்கொள்ளுங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகுதான் கோளாறு என்பதால், நானாக இருந்தால் எதையும் திருத்தாமல் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின் பழைய பதிப்பை, தேர்ந்தெடுப்பேன். உபுண்டு வழக்கமாகப் பழைய கெர்னல் ஒன்றை விட்டுவைத்திருக்கும். பல நேரம் அதுவே போதும்.

அதற்கும் படம் வரவில்லையா? சரி, இப்போது திருத்தலாம். உபுண்டு என்ற வரியில் நின்று 'ஈ' விசையை அழுத்துங்கள். வரும் எழுத்துக் குவியலில் 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியைக் கண்டுபிடியுங்கள். அது நீளமானது என்பதால் மடங்கி அடுத்த வரியிலும் தொடரும். அதன் கடைசிப் பக்கத்தில் குவயட், ஸ்பிளாஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கும். அவற்றை மட்டும் அழித்துவிட்டு அதே இடத்தில் நோமோட்செட் (nomodeset) என்று எழுதுங்கள். எல்லாம் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது. அப்புறம் எஃப்10 அல்லது கண்ட்ரோலுடன் எக்ஸ். குழப்பமாகிவிட்டால் எஸ்கேப் அழுத்துங்கள், திருத்தம் கைவிடப்படும்.

கிராஃபிக்ஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தன் இஷ்டத்துக்குத் திரையை மாற்றாமல் இருக்கும்படி கெர்னலுக்குச் சொல்வதுதான் நோமோட்செட். குவயட் போனதால், எந்த இடத்தில் நின்றது என்ற செய்திகளும் ஓடுவது தெரியும். படம் மங்கலாக, பெரிய பெரிய எழுத்தாக வரலாம். உள்ளே நுழைய அது போதும்.

நுழைந்ததும் மகனின் கோப்புகளை ஒரு வெளி வட்டில் நகலெடுத்துவிடுங்கள். பிறகு 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' திறந்து, 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரை நிறுவி, எதையும் திருத்தாமல் கணினியை மறுபடி தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. திருத்தம்தான் தற்காலிகம், அதன் வழியாக உள்ளே போய்ச் செய்வது நிரந்தரம். 'இனிட்' என்று தொடங்கும் சொல்லை அந்த வரியில் யாராவது சேர்க்கச் சொன்னால் புரியாமல் செய்யாதீர்கள். அது கடவுச்சொல் கேட்காமலேயே முழு அதிகாரம் உள்ள கட்டளைத் திரையைத் திறந்துவிடக்கூடும். நோமோட்செட்டை அமைப்புக் கோப்பில் நிரந்தரமாகப் போடுங்கள் என்பவர்கள் பேச்சையும் கேட்க வேண்டாம். டிரைவர் சரியான பிறகு அது கார்டின் வேகத்தை வீணாக்கத்தான் உதவும்.