ஒலுவிலா, கொழும்பில் இரட்டைப் பட்டமா?

கேள்வி: மகனுக்கு ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. கொழும்பில் ஒரு தனியார் கம்பஸ், நாலு வருடம் படித்தால் தங்கள் பட்டத்தோடு பிரித்தானியப் பல்கலைக்கழகப் பட்டமும் கிடைக்கும் என்கிறது. வெளிநாட்டிலிருக்கும் என் அண்ணன் அதையே எடுக்கச் சொல்கிறார். வயற்காணியை ஈடு வைத்தால் முதல் வருடக் கட்டணத்தைக் கட்டலாம். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: காணியில் இப்போது கை வைக்காதீர்கள். முதலில் அந்தக் கம்பஸிடம் மாதிரிச் சான்றிதழும் பெறுபேற்று அட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரட்டைப் பட்டம் என்றால் இரண்டு பல்கலைக்கழகங்களும் தனித்தனியே ஒவ்வொரு சான்றிதழ் தர வேண்டும். ஒரே தாளில் இரண்டு பெயர்கள் இருந்தால் அது கூட்டுப் பட்டம். "இணைந்து வழங்கும்" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு பட்டம் மட்டும் தரும் இடங்களும் உண்டு.

இரண்டு தாள்களுக்கும் அங்கீகாரம் வெவ்வேறு வழியில் வருகிறது. உள்ளூர்ப் பட்டத்துக்கு, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அனுமதி வேண்டும். நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. மகன் படிக்கப்போகும் பட்டத்தின் பெயரும் வர்த்தமானியில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டறியலாம்.

பொறியியலில் இதைவிடப் பெரிய விஷயம் தொழில்சார் அங்கீகாரம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 முதல் முழு உறுப்பினர். அந்த நிறுவனம் அங்கீகரித்த நான்கு வருடப் பட்டத்தைப் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா உள்ளிட்ட மற்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகளும் மதிக்கின்றன. வெளிநாட்டு மதிப்புக்கு வெளிநாட்டுப் பெயர் கட்டாயமில்லை என்பதை அண்ணனிடம் சொல்லுங்கள். அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. துறைக்குத் துறை, அனுமதி ஆண்டுக்கு ஆண்டு தனியாகக் கிடைக்கிறது. அதனால் ஒலுவிலென்றாலும் கொழும்பென்றாலும் மகனுடைய துறையும் ஆண்டும் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பலர் ஏமாறுவது இங்கேதான். பிரித்தானிய வளாகத்தில் நடக்கும் பாடநெறிக்கு அங்குள்ள பொறியியல் அமைப்பு தந்த அங்கீகாரம், அதே பெயரில் கொழும்பில் நடத்தப்படும் பாடநெறிக்குத் தானாக வந்துசேராது. "இலங்கையில் கற்பிக்கப்படும் இந்தப் பாடநெறிக்கு" என்று எழுத்தில் வாங்குங்கள். பட்டத்தின் பெயரில் 'தொழில்நுட்பம்' என்ற சொல் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் சிட்னி உடன்படிக்கைக்குள் வரும்; அது பொறியியல் தொழில்நுட்பவியலாளருக்குரியது, பொறியியலாளருக்குரியதல்ல. பிரித்தானியாவிலேயே படித்து முடித்தவர்களுக்கு அந்நாடு தரும் பட்டதாரி விசாவும் கொழும்பில் இருந்து படித்தவருக்குக் கிடையாது.

கட்டணம் பவுணிலா ரூபாவிலா என்று கேளுங்கள். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. அப்படி ஒன்று மூன்றாம் வருடத்தில் வந்தால் ஈட்டுக் காசு போதாது. ஒரு பாடத்தில் தவறினால் மீளெழுதும் கட்டணம் எவ்வளவு, அந்தத் தவறு இரண்டு பட்டங்களையும் பாதிக்குமா என்பதையும் விசாரியுங்கள். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதும் முக்கியம். மகனுடைய இறுதியாண்டுக்கு அப்பால் குறைந்தது ஒரு வருடமாவது அது நடைமுறையில் இருக்க வேண்டும். நடுவில் முறிந்தால் ஏற்கெனவே சேர்ந்தவர்களை யார் முடித்து அனுப்புவது என்ற வாசகத்தை ஒப்பந்தத்திலேயே காட்டச் சொல்லுங்கள்.

ஒலுவிலில் கற்கைக் கட்டணம் இல்லை. வருமானத்தைப் பொறுத்து மஹாபொல உதவித்தொகை கிடைக்கலாம். அக்கரைப்பற்று பஸ் ஏறினால் வீட்டுக்கும் வளாகத்துக்கும் தூரம் பெரிதில்லை. வேலைநிறுத்தங்களால் நாலு வருடம் இழுபட வாய்ப்பிருக்கிறது; தனியார் கம்பஸின் உண்மையான அனுகூலம் அந்தக் காலக்கணக்குத்தான். அந்த ஒன்றுக்காகக் காணியைக் கடனுக்குள் தள்ளுவது எங்கள் பார்வையில் சரியல்ல. துறைக்கு அங்கீகாரம் இருந்தால் ஒலுவிலே நல்ல தெரிவு.

கம்பஸ் கேட்கும் பதிவுப் பணம் பெரும்பாலும் திருப்பித் தரப்படாது, அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். மானியங்கள் ஆணைக்குழு தந்த பதிவுத் திகதி தவறினால் மகனுடைய இடம் வேறொரு மாணவருக்குப் போய்விடும். அந்தத் திகதிக்கு முன் கம்பஸிடமிருந்து எல்லாப் பதில்களும் எழுத்தில் வராவிட்டால் ஒலுவிலில் பதிந்துவிடுங்கள்.