எழுத எழுத எழுத்து சிறுத்துப்போகிறது, டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 74. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறு ஆண்டுகளுக்கு முன் மனைவி காலமான பிறகு, கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளைப் பற்றி நாள்தோறும் இரண்டு பக்கம் எழுதுகிறேன். மனம் நிறைவாக இருக்கிறது. ஆனால், சில மாதங்களாகப் பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. வரி முடிவதற்குள் எழுத்தும் சிறுத்துப்போகிறது. நீரிழிவுக்கு 15 ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். கண்ணும் மூளையும் கெட்டுவிடும் என்று மகள் கடிந்துகொள்கிறாள். எழுதுவதை நிறுத்த வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். எழுதுவதால் மூளை தேய்வதில்லை. மங்கிய வெளிச்சத்தில் நெடுநேரம் எழுதினால் கண் சோர்வடையுமே தவிரக் கெட்டுப்போகாது. நீரிழிவு இருப்பதால், ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனையை மட்டும் தவறவிடாதீர்கள். 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றை வார இதழில் தொடராக எழுதத் தொடங்கியது 1940இல்தான் என்பதை உங்கள் மகளிடம் சொல்லலாம்.

அதே சமயம், எழுதினால் மறதிநோய் வராது என்று நான் உறுதி கூற மாட்டேன். அமெரிக்காவில் 1986இல் தொடங்கி, 678 கன்னியாஸ்திரீகளைப் பின்தொடர்ந்த ஆய்வை, எழுதினால் மறதிநோய் வராது என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால், அதில் ஆராயப்பட்டவை அவர்கள் இளம் வயதில் எழுதிய தன்வரலாறுகளே; முதுமையில் எழுதுவது மறதியைத் தடுக்கும் என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. உங்களுக்குக் கிடைக்கும் மனநிறைவு ஒன்றே தொடர்ந்து எழுதுவதற்குப் போதுமான காரணம்.

பெயர் நாக்கு நுனியில் நின்றுவிட்டு, இரவு படுக்கும்போது நினைவுக்கு வருவது இந்த வயதில் இயல்பு. எழுதியதே தெரியாமல் அதே சம்பவத்தை மறுநாளும் எழுதியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆயினும், மெட்ஃபார்மினை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து மறதி உண்டாகக்கூடும் என்பதால், அதையும் தைராய்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

போகிற போக்கில் நீங்கள் சொன்ன இன்னொரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரியின் தொடக்கத்தில் அளவாக இருக்கும் எழுத்து, போகப் போகக் கடுகாகச் சிறுத்து நெருங்கிவிடுவது, உடல் அசைவுகளை மந்தமாக்கும் நரம்பு நோயான பார்க்கின்சன் நோயின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்றாக இருக்கலாம். கை நடுக்கம் தோன்றுவதற்கு முன்பே இது சிலரிடம் தெரிந்துவிடுகிறது. விரல் மூட்டுவலி, பார்வைக் குறைவு போன்றவற்றாலும் எழுத்து மாறும் என்பதால் நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருக்கிறதா, சட்டைப் பொத்தான் போட முன்பைவிட நேரம் பிடிக்கிறதா, வாசனை தெரிவது குறைந்திருக்கிறதா என்று கவனித்து, நரம்பியல் மருத்துவரை விரைவில் பாருங்கள். அந்த நோயே என்றாலும், கையின் வேகத்தை மீட்டுத்தர நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. இப்போதைக்கு, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் இரட்டைக் கோடு நோட்டில் எழுதிப் பாருங்கள். கோடு கண்ணில் படும்போது எழுத்து அளவு மாறாமல் நிற்பதுண்டு.

மருத்துவரிடம் செல்லும்போது முதன்முதலில் எழுதிய நோட்டையும் இப்போதைய நோட்டையும் கொண்டுபோங்கள். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் நடையிலும் குரலிலும் மாற்றம் ஏதும் வந்திருந்தால், உங்களைவிட அவரே முதலில் கவனித்திருப்பார்.