மீடியம் வேவில் ஏன் இவ்வளவு கொரகொரப்பு?

கேள்வி: அப்பா வைத்திருந்த டிரான்சிஸ்டரில் எஃப்எம் நன்றாக வருகிறது, மீடியம் வேவ் வைத்தால் ஒரே இரைச்சல். தூக்கிப் போட்டுவிடலாமா? – வாசகி, சைதாப்பேட்டை

பதில்: ஐயோ, அவசரப்பட வேண்டாம், செட் மேல் தப்பே இல்லை. மீடியம் வேவில் அலையின் வீச்சு, அதாவது அதன் உயரம், கூடிக் குறைவதில்தான் பேச்சும் பாட்டும் வருகின்றன. வீட்டிலுள்ள எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் கக்குகிற மின் இரைச்சலும் அதே வீச்சில் ஏறிக்கொள்வதால் எது பாட்டு, எது பல்பு என்று பாவம் அதற்குத் தெரிவதில்லை. எஃப்எம் அலை அதிர்வெண்ணை, அதாவது ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை, மாற்றிப் பேசுவதால் தப்பிக்கிறது. (நாட்டிலேயே முதல் எஃப்எம் 1977-ல் நம்ம ஊரில்தான் வந்தது.)

ராத்திரி கரண்ட் போனால் செட்டை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கிற ஃபெரைட் கம்பிதான் ஏரியல், திசை மாறினால் சத்தமும் மாறும். இருட்டிய பிறகு மேலே வானத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலம் இந்த அலைகளைத் திருப்பி அனுப்புவதால் தூரத்து ஊர்களும் கேட்கும்.

கேட்க ஆள் குறைந்தது உண்மைதான். 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017-ல் நின்றது, அதே வருடம் நார்வே தேசிய எஃப்எம் ஒலிபரப்பையே மூடியது. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் செல்போன்கள் செத்துக் கிடந்தபோது பக்கத்து வீட்டுத் தாத்தாவின் டிரான்சிஸ்டரைச் சுற்றித்தான் எல்லோரும் நின்றோம்.

அப்புறம், கேட்காத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் ஸ்பிரிங் போய்விடும்.