லைட் எரியுது, கார் எடுக்கல: மலைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

தலைகுந்தா: அண்ணா, காலையில கண்ணாடி மேல பனி உறைஞ்சு கிடக்கு. சாவி போட்டா டேஷ்போர்டு பளிச்சுன்னு எரியுது, ஹாரனும் அடிக்குது. திருப்பினா 'டிக்டிக்டிக்'னு மட்டும் சத்தம். செல்ஃப் மோட்டார் போச்சா?

மோட்டார்ல கை வைக்காதீங்க தம்பி. லைட் எரியுறதை வச்சு பேட்டரி நல்லா இருக்குன்னு சொல்லவே முடியாது. ரெண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுக்கிறது 9, 10 ஆம்பியர்தான். சின்ன பெட்ரோல் காரோட செல்ஃப் நூறுக்கு மேல இழுக்கும். அந்த இழுப்புல வோல்ட் விழுந்து சோலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் விடுற காந்த சுவிட்ச்) பிடி விடுது, விட்டதும் வோல்ட் ஏறி மறுபடி பிடிக்குது. அதான் அந்த டிக்டிக்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில 12.6 காட்டினா முழு சார்ஜ், 12.2 பாதி. ஆனா முக்கியமான அளவு, வீட்டுல ஒருத்தர் சாவியைத் திருப்பும்போது மீட்டர்ல நிக்கிறதுதான். சாதாரண நாள்ல 9.6-க்குக் கீழ போகக் கூடாது. உறைபனி நாள்ல 9.1 வரைக்கும் பொறுத்துக்கலாம். பூஜ்யம் டிகிரியில பேட்டரியோட பலம் சுமார் மூணுல ஒரு பங்கு குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும். மேட்டுப்பாளையத்துல தடுமாறாத பழைய பேட்டரி உங்க ஊர்ல காலை ஆறு மணிக்குக் கைவிடுறது இதனாலதான்.

புது பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி டெர்மினலைப் பாருங்க. வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்தா முதல்ல மைனஸைக் கழட்டுங்க, அப்புறம் பிளஸ். ஆப்பச் சோடா கலந்த வெந்நீர் ஊத்திக் கழுவி, உப்புத்தாளால ஈயம் பளபளக்கிற வரைக்கும் தேய்ங்க. மாட்டும்போது மைனஸ் கடைசி. இறுக்கின பிறகுதான் வாசலின். முதல்லயே தடவினா கிளாம்ப் சரியா ஒட்டாது.

கோத்தகிரி: எனக்கு ஒரே ஒரு 'டக்'. பேட்டரி புதுசு, 12.6 இருக்குங்க.

திருப்பும்போது டேஷ்போர்டு லைட்டைக் கவனிங்க. மங்கிப் போனா கரண்ட் எங்கேயோ மாட்டிக்குது, இல்லை மோட்டார் இறுகிக் கிடக்கு. மங்காம அப்படியே இருந்தா, பெரும்பாலும் சோலினாய்டு உள்ளே காண்டாக்ட் தேஞ்சிருக்கும், இல்லைன்னா மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ்.

ஊகிக்க வேண்டாம், அளந்துடுங்க. மீட்டரோட ஒரு முனை பேட்டரி மைனஸ் கம்பத்துல (கிளாம்ப்ல இல்லை, ஈயத்துல), இன்னொன்னு இன்ஜின் இரும்புல. ஒருத்தர் சாவியைத் திருப்பணும். 0.2 வோல்ட் தாண்டினா எர்த் மோசம். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற பின்னல் எர்த் பட்டை இந்த ஈரத்துல துருப்பிடிக்கும், அதை முதல்ல பாருங்க. அடுத்து பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃப்ல இருக்கிற தடிச்ச போல்ட்டுக்கும்: 0.5 தாண்டினா கேபிள் மோசம். ரெண்டும் சரியா இருந்து மோட்டார் சுத்தலைன்னா கழட்டி எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுங்க. ஸ்பேனர் பிடியால மெதுவா ஒரு தட்டு தட்டி உடனே எடுத்தா, பிரஷ் முடிஞ்சதுக்கு அதுவே அடையாளம். ஓங்கி அடிச்சா உள்ளே காந்தம் உடையும்.

குன்னூர்: சார், ஒரு சத்தமும் இல்லை. லைட் மட்டும் எரியுது.

கிளட்சை அடி வரைக்கும் மிதிச்சுப் பாருங்க. பல கார்ல பெடலுக்கு மேல ஒரு சுவிட்ச் இருக்கு, அது அமுங்கினாதான் செல்ஃப் சுத்தும். ஆட்டோமேட்டிக்னா 'பி'-யில எடுக்காதது 'என்'-ல எடுக்கலாம், பிரேக்ல கால் இருக்கட்டும். டேஷ்போர்டுல சாவிப் படம் சிமிட்டினா இம்மொபிலைசர், அதாவது திருட்டுத் தடுப்பு, சாவியை அடையாளம் காணலை. ரெண்டாவது சாவியைப் போடுங்க. இது எதுவும் இல்லைன்னா ஸ்டார்ட்டர் ரிலே, ஃப்யூஸ் பெட்டியில செல்ஃபை ஆன் பண்ணுற சின்ன சுவிட்ச். அதே எண் இருக்கிற ஹாரன் ரிலேயைப் பிடுங்கி அங்கே மாத்திப் பாருங்க.

கூடலூர்: செல்ஃப் நல்லா சுத்துது, பிடிக்கலை. பெட்ரோல் கார், எஸ்டேட் லைன் பக்கத்துல நிக்குது.

இது வேற கதை, இங்கே பேட்டரியை விட்டுடுங்க. சாவியை ஆன் பண்ணிப் பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்க: ரெண்டு செகண்ட் 'ஊய்ங்'னு பம்ப் ஓடணும். ஓடலைன்னா பம்ப் ஃப்யூஸ், ரிலே, அப்புறம் எலி. தேயிலைத் தோட்டத்து எலிக்கு இன்ஜின் சூடு ரொம்பப் பிடிக்கும்; இன்ஜெக்டர் வயரை டார்ச் அடிச்சு நுனி முதல் அடி வரைக்கும் பாருங்க. பெட்ரோல் கம்மியா வச்சு மேட்டுல நிறுத்தியிருந்தா பம்ப் காத்தைத்தான் உறிஞ்சும். சமமான இடத்துக்கு நகர்த்துங்க, இல்லை அஞ்சு லிட்டர் ஊத்துங்க.

பம்ப் ஓடுது, ஆனா சுத்தும்போது ஆர்பிஎம் முள் அசையவே இல்லைன்னா இன்ஜின் சுத்துறதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ற கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்க. பெட்ரோல் வாசனை தூக்கலா இருந்தா ஆக்சிலரேட்டரை அடி வரைக்கும் மிதிச்சு, அஞ்சாறு செகண்ட் சுத்துங்க. பத்து செகண்டுக்கு மேல வேண்டாம், நடுவுல அரை நிமிஷம் ஓய்வு கொடுங்க. சுத்துற சத்தம் வழக்கத்தைவிட லேசா, தடையே இல்லாம 'விர்ர்'னு கேட்டா அதோட நிறுத்திடுங்க. வால்வுகளை இன்ஜினோட சேர்த்து ஓட்டுற டைமிங் பெல்ட் அறுந்திருக்கும். மேல மேல சுத்தினா வால்வு வளையும்.

மஞ்சூர்: டீசல் ஜீப்புங்க. காலையில மட்டும் தகராறு.

சைலன்ஸரைப் பாருங்க. சுத்தும்போது வெள்ளைப் புகை வந்தா டீசல் வருது, தீப்பிடிக்கலை: இன்ஜின் உள்ளே சூடு கொடுக்கிற ஹீட்டர் பிளக்கைப் பாருங்க. டேஷ்போர்டுல சுருள் லைட் அணையுற வரைக்கும் பொறுக்கணும். ரெண்டு தடவை ஆன்-ஆஃப் பண்ணிப் பாருங்க. ஓம் மீட்டர்ல பிளக் ஒரு ஓம் அளவுல இருக்கணும், முள் நகரவே இல்லைன்னா அது செத்தது. புகையே இல்லைன்னா டீசலே வரலை: ஃபில்டர்ல தண்ணி, இல்லை பைப்ல காத்து. அடியில இருக்கிற வடிகால் திருகைத் திறந்து தண்ணியை விட்டு, கைப்பம்ப் இறுகுற வரைக்கும் அமுக்குங்க.

ஊட்டி: இங்க 2,240 மீட்டர் உயரம், காத்து கம்மி, அதான் வண்டி எடுக்கலைன்னு மெக்கானிக் சொல்றார். சரியா?

இன்ஜெக்‌ஷன் வண்டியில கம்ப்யூட்டர் தானா சரிக்கட்டிக்கும். பழைய கார்புரேட்டர் வண்டின்னா மெக்கானிக் சொல்றது சரி, காத்தைக் குறைக்கிற சோக்கைக் கம்மியா இழுங்க.

ஊட்டி, அதே நண்பர்: இறக்கத்துல உருட்டி ஸ்டார்ட் பண்ணலாமா?

கல்லட்டி மாதிரி செங்குத்தான மலைப்பாதைப் பக்கம் வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஓடலைன்னா பிரேக் ரெண்டு மூணு மிதியோட கட்டையாகிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். சமமான இடத்துல, சாவி ஆன்ல, ரெண்டாம் கியர்ல ரெண்டு பேர் தள்ளட்டும். ஆட்டோமேட்டிக்ல இது நடக்காது. ஜம்பர் கேபிள் இருந்தா அதுதான் நல்லது. சிவப்பு முதல்ல உங்க பிளஸ்ல, அப்புறம் அவங்க பிளஸ்ல. கறுப்பு அவங்க மைனஸ்ல, கடைசி முனை உங்க பேட்டரியில இல்லை, தள்ளி இன்ஜின் இரும்புல. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அந்தக் கடைசிப் பொறி அதுக்குப் பக்கத்துல விழக் கூடாது.