பொண்ணு மிலிட்டரி நர்ஸ் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, அனுப்பலாமா?

குரோம்பேட்டைல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சு நீட் எழுதியிருக்கா, எம்பிபிஎஸ் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரல, ஆனா பாஸ். இப்ப மிலிட்டரி நர்சிங்தான்னு அடம். "பார்டர்ல கொண்டு போய் போட்டுடுவாங்களாமே, கல்யாணம் பண்ணிக்கக் கூடாதாமே, ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாத புள்ள அங்க போய் என்ன பண்ணும்? சொந்தக்காரங்க ஆளாளுக்கு பயமுறுத்துறாங்க மேடம்"னு எழுதியிருக்காங்க.

நானும் அந்த யூனிஃபார்ம்ல இருபது வருஷத்துக்கு மேல இருந்துட்டு இப்ப நங்கநல்லூர்ல செடிக்கு தண்ணி ஊத்திட்டு இருக்கிறவதான், அதனால தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல கல்யாண விஷயம். அது ஒண்ணும் கட்டுக்கதை இல்லம்மா, ஒரு காலத்துல நெசமாவே அப்படி ரூல் இருந்துச்சு. கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு ஒரு நர்சிங் ஆபீசர 1988ல வேலைய விட்டே அனுப்புனாங்க. 1995லயே அந்த ரூல எடுத்தாச்சு, அவங்க விடாம கேஸ் நடத்தி 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் 60 லட்சம் நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு. உங்க சொந்தக்காரங்க சொல்றது அந்தக் காலத்து நியூஸ். இப்ப படிக்கிற நாலு வருஷம் மட்டும் கல்யாணம் கூடாது, கமிஷன் ஆனப்புறம், அதாவது ஆபீசரா வேலைல சேர்ந்தப்புறம், தாராளமா பண்ணிக்கலாம், பிள்ளை பெத்துக்க லீவும் உண்டு.

அடுத்து பார்டர், துப்பாக்கி. நர்சிங் ஆபீசர் வேலை பார்க்கிறது ஆஸ்பத்திரிலதான், ட்ரெஞ்சுல இல்ல. அடிபட்டவன மொதல்ல பார்க்கிறது அவன் யூனிட்டோட ரெஜிமென்டல் எய்ட் போஸ்ட், அங்க டாக்டரும் நர்சிங் அசிஸ்டென்ட் பசங்களும் இருப்பாங்க, அங்கிருந்து பின்னாடி பின்னாடி நகர்த்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு வருவாங்க, அங்கதான் நம்ம பொண்ணுங்க. அதுக்காக ஊட்டி மாதிரி குளுகுளுன்னு இருக்கும்னு நினைச்சுடாதீங்க, ஸ்ரீநகர் 92 பேஸ் ஹாஸ்பிடலும் லடாக்ல இருக்கிற லே 153 ஜெனரல் ஹாஸ்பிடலும் கூட ஆஸ்பத்திரிதான், அங்கயும் போஸ்டிங் வரும். லேல குக்கர் இல்லாம சாதமே வேகாது, பொங்கலன்னிக்கு பானைல வைப்போம்னு பிடிவாதம் பிடிச்சு மதியம் வரைக்கும் பட்டினி கிடந்த கதையெல்லாம் எங்ககிட்ட இருக்கு. சண்டைல மருத்துவ ஆளுங்கள தாக்கக் கூடாதுன்னு 1949 ஜெனிவா ஒப்பந்தம் இருக்கு, ஆயுதம் வச்சுக்கிட்டாலும் தன்னையும் நோயாளியையும் காப்பாத்திக்க மட்டும்தான். எல்லா நாடும் மதிக்குதான்னு கேட்டா வேற பேச்சு.

அப்ப எதுக்குத்தான் யோசிக்கணும்? ட்ரான்ஸ்ஃபருக்கு. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி கட்டணும், இன்னிக்கு லக்னோ, அப்புறம் ஜம்மு, அப்புறம் புனே. பரங்கிமலைல மிலிட்டரி ஹாஸ்பிடல் இருக்கே, வீட்ல இருந்து பத்து நிமிஷம்தானேன்னு நீங்க மனசுக்குள்ள கணக்கு போட்டிருப்பீங்க, தெரியும், எங்க அம்மாவும் போட்டாங்க. எனக்கு அங்க போஸ்டிங் கிடைக்கிறதுக்குள்ள அவங்க போய் சேர்ந்துட்டாங்க. அண்ணன் கல்யாணத்துக்கு நான் இல்ல, பெரியப்பா சாவுக்கு இல்ல. பொண்ணு இதத் தாங்குவாளாங்கிறத விட நீங்க தாங்குவீங்களான்னு யோசிங்க.

வேலை எப்படி இருக்கும்னா, பாதி நேரம் எல்லா ஆஸ்பத்திரி மாதிரியே, ட்ரிப், ஊசி, நைட் டூட்டி, ஜவான்களோட மனைவிங்க பிரசவம், ரிட்டயர் ஆன தாத்தாக்களோட சுகர். மீதிப் பாதிதான் வேற. ஜவானுக்கு ஷேப்-ஒன்னுன்னு ஒரு மெடிக்கல் கேட்டகிரி இருக்கு, உடம்பு முழு ஃபிட்டுன்னு அர்த்தம், அது இறங்குனா ப்ரமோஷன்ல இடிக்கும், அதனால வலிய மறைப்பான். வெளில நோயாளி இல்லாத வலிய இருக்குன்னு லீவு கேட்பான், இங்க இருக்கிற வலிய இல்லன்னு சாதிக்கிறவனும் உண்டு, அவன் மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிக்கணும். ஒருத்தன் ரொம்ப சீரியஸ்னா டேஞ்சரஸ்லி இல் லிஸ்ட்டுல போட்டு வீட்டுக்கு தகவல் போகும். ஒரு தடவை விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருத்தன் அந்த லிஸ்ட்டுல இருந்தப்ப அவங்க அம்மா ரெண்டு நாள் ரயில்ல வந்து இறங்குனாங்க, வார்டு முழுக்க ஹிந்தி, யார்கிட்ட என்ன கேட்கிறதுன்னு தெரியாம நின்னாங்க, நான் தமிழ்ல "வாங்கம்மா"ன்னதும் என் கைய பிடிச்சவங்க விடவே இல்ல. பையன் பொழைச்சுட்டான்.

ஹிந்தி பத்தி கவலைப்படாதீங்க, வார்டுல ஆறு மாசம் நின்னா தானா வந்துடும், தப்பா பேசுனா பேஷன்ட்டே திருத்துவான். இங்கிலீஷ்தான் செலக்‌ஷன்ல முக்கியம். மெஸ்ல தனியா கிடப்பாளோன்னும் பயப்படாதீங்க, எந்த ஊருக்குப் போனாலும் நாலு மலையாளி, ஒரு தமிழ் இருக்கும், படாகானான்னு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற விருந்து, கேன்டீன், பக்கத்து குவார்ட்டர்ஸ் குழந்தைங்கன்னு ஒரு சொந்தம் தானா சேரும். ஆனா எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ரகசியம்னு ஒண்ணு தங்காது, அதுவும் சொல்லிடுறேன்.

இனி விண்ணப்பம். நீட் எழுதிட்டா போதும்னு இருக்காதீங்க, ஜாயின் இந்தியன் ஆர்மி வெப்சைட்ல இதுக்குன்னு தனியா அப்ளை பண்ணணும், நோட்டிபிகேஷன் எப்ப வருதுன்னு பார்த்துட்டே இருங்க, நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். புனே, மும்பை, டெல்லி, லக்னோ, கொல்கத்தா, பெங்களூர்னு ஆறு காலேஜ், மொத்தமே 220 சீட். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இங்கிலீஷோட ப்ளஸ் டூல 50 சதவீதம், வயசு 17ல இருந்து 25, உயரம் 152 சென்டிமீட்டர். நீட் மார்க் வச்சு கூப்பிட்டு கம்ப்யூட்டர்ல ஒரு டெஸ்ட், மனநிலை டெஸ்ட், இன்டர்வியூ, அப்புறம் மெடிக்கல். படிப்புக்கு செலவு இல்ல, தங்க, சாப்பிட எல்லாம் அவங்களே, மாசம் ஸ்டைபென்டும் உண்டு. முடிச்சதும் லெப்டினன்ட், அங்கிருந்து எவ்வளவு தூரம் போகலாம்னா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து இக்னேஷியஸ் டெலோஸ் ஃப்ளோரா 2023ல மேஜர் ஜெனரல் ஆனாங்க. பணம் குடுத்தா சீட்டுன்னு எவனாவது வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க.

இந்த தடவை கிடைக்கலன்னா ஒரு வருஷம் வீட்ல உட்கார வைக்காதீங்க. தமிழ்நாட்டுல பிஎஸ்சி நர்சிங்குக்கு ப்ளஸ் டூ மார்க்கே போதும், இங்கயே சேர்த்துடுங்க, முடிச்சப்புறம் ஷார்ட் சர்வீஸ் கமிஷனுக்கு, அதாவது குறிப்பிட்ட வருஷத்துக்கு மட்டும் ஆபீசரா எடுக்கிறதுக்கு, அப்பப்ப நோட்டிபிகேஷன் வரும், அந்த வழியா உள்ள போனவங்களும் நிறைய. என்னக் கேட்டா உங்க பொண்ணு மாதிரி வெளியூரே பார்க்காத புள்ளைக்கு இது கொஞ்சம் பக்குவமான வழின்னு கூட சொல்வேன், ஆனா அவ ஒத்துக்க மாட்டா, பதினெட்டு வயசுல நானும் ஒத்துக்கல.

சேரும்போது பாண்டு ஒண்ணு எழுதிக் குடுக்கணும், நடுவுல விட்டுட்டு வந்தா பணம் கட்டணும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு வரி விடாம படிங்க. இந்த வாரமே அவள ஒரு கண் டாக்டர்கிட்டயும் ஒரு பொது டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க, எல்லா ரவுண்டும் தாண்டி மெடிக்கல்ல வெளிய வந்து அழுத பொண்ணுங்கள நிறைய பார்த்துட்டேன்.