கைபேசி யார் கையில்? தொடக்கப் பள்ளி ஆசிரியையிடம் சில கேள்விகள்

கடலூர் மாவட்டக் கடலோரக் கிராமம் ஒன்றில், ஈராசிரியர் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியை, பெற்றோரும் சக ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.

மஞ்சக்குப்பம், இரண்டாம் வகுப்பு மாணவனின் தாய்: டீச்சர், பக்கத்துத் தனியார் பள்ளியில் எல்லா வகுப்பிலும் திறன்பலகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் என் மகன் பின்தங்கிவிடுவானா?

பலகையைப் பார்த்தீர்கள். அதன் முன்னால் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்தீர்களா? கையைக் கட்டிக்கொண்டு படம் பார்த்தார்கள் என்றால், உங்கள் மகன் எதையும் இழக்கவில்லை. எந்தக் கருவி வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: அதனால் பிள்ளை முன்பைவிட அதிகம் பேசியதா, எழுதியதா, செய்ததா? இல்லையென்றால் அது ஆசிரியருக்கு ஓய்வு தரும் கருவி, அவ்வளவே. கற்றலுக்குத் துணை செய்கிறதா என்று பார்த்தே தொழில்நுட்பத்தை வகுப்பறைக்குள் விட வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையும் சொல்கிறது.

அரசுப் பள்ளியில் ஒன்றுமில்லை என்றும் நினைக்காதீர்கள். பாடநூலில் கியூஆர் குறியீடு இருக்கிறது, பாடக் காணொளிகளுக்கு மணற்கேணி செயலி இருக்கிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் வகுப்பைப் பார்த்து அல்ல, தங்கள் நிலையைப் பார்த்துக் குழுவாக உட்காருகிறார்கள். எனக்குக் கேட்டால், திறன்பலகையைவிட இந்த உட்காரும் முறைதான் பெரிய மாற்றம்.

பண்ருட்டி, பலா வியாபாரி: ஏழு வயது மகளைக் கோடிங் வகுப்பில் சேர்க்கச் சொல்லி ஒரு நிறுவனத்திலிருந்து விடாமல் போன் வருகிறது. கட்டணம் பல ஆயிரம். சேர்க்கலாமா?

வேண்டாம் ஐயா. உங்கள் தொழிலிலேயே அந்தப் பாடம் இருக்கிறது.

நான்காம் வகுப்பில் ‘பலாப்பழம் வெட்டுவது எப்படி’ என்று எழுதச் சொன்னேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிக்க வேண்டும். மூன்றாமவர் சொன்னதை மட்டும் செய்துகாட்ட வேண்டும், சொல்லாததைச் செய்யக் கூடாது. முதல் வரி ‘பழத்தை வெட்டு’. எதை வைத்து வெட்டுவது என்று பையன் வெறுங்கையோடு நின்றான். கத்தி சேர்ந்தது. அடுத்து ‘சுளையை எடு’. பாட்டி வீடு பண்ருட்டியில் இருக்கிற ஒரு பெண் எழுந்து, கையில் எண்ணெய் தடவவே இல்லையே, பால் ஒட்டிக்கொள்ளுமே என்று கத்தினாள். அந்த வரியை எங்கே செருகுவது என்று பெரிய வாக்குவாதம். கத்திக்கும் எண்ணெய் வேண்டும் என்றான் ஒருவன். ‘பால் ஒட்டினால் மறுபடி தடவு’ என்று ஒரு வரி வந்தது. ‘சுளை தீரும்வரை இதையே செய்’ என்று இன்னொன்று. நிரல் எழுதுபவர்கள் நிபந்தனை, சுழற்சி என்று சொல்லும் இரண்டையும் பெயர் தெரியாமலே பிடித்துவிட்டார்கள். பிழை எங்கே என்று தேடித் திருத்தியது அதைவிடப் பெரிய பாடம்.

திரையும் வேண்டும் என்றால் ஐந்து முதல் ஏழு வயதுக்காரர்களுக்கென்றே 2014இல் வந்த ஸ்க்ராட்ச் ஜூனியர் என்ற கோடிங் செயலி இலவசம். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் கட்டங்களை நகர்த்திப் பூனையை நடக்க வைக்கலாம். தேசியக் கல்விக் கொள்கைகூடக் கோடிங்கை நடுநிலை வகுப்புகளில்தான் தொடங்கச் சொல்கிறது. ஏழு வயதில் என்ன அவசரம்?

குறிஞ்சிப்பாடி, ஆசிரியர்: பிள்ளைகளுக்குத் தமிழ்த் தட்டச்சு சொல்லித்தர விரும்புகிறேன். ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறைதான் எல்லோருக்கும் தெரிகிறது. அதையே தொடரலாமா?

தொடக்க வகுப்பில் அதைத் தொடாதீர்கள் சார். தமிழ் எழுத்தே இப்போதுதான் கையில் படிகிறது; அதற்குள் ஆங்கில எழுத்து வழியாகச் சுற்றிக்கொண்டு வர வைப்பது அநியாயம்.

தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘க’ விசையை அழுத்தி ‘இ’யை அழுத்தினால் ‘கி’. 247 எழுத்துக்கு 247 விசை தேவையில்லை என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் என்று நாம் கரும்பலகையில் தொண்டை வற்றச் சொல்வது, விரல் நுனியில் நடந்துவிடுகிறது.

இன்னொரு அழகு இருக்கிறது. ‘ம’வை இரண்டு முறை அழுத்தினால் முதல் ‘ம’வுக்குத் தானே புள்ளி வந்துவிடும். ‘ந’வுக்குப் பின் ‘த’, ‘ங’வுக்குப் பின் ‘க’, ‘ண’வுக்குப் பின் ‘ட’ அழுத்தினாலும் அப்படியே. ஏன் இந்த இணைகளுக்கு மட்டும் புள்ளி வருகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். இன எழுத்துப் பாடத்தை அன்றைக்கே நடத்தி முடித்தேன். பாடத்திட்டப்படி அதற்கு இன்னும் நாள் இருந்தது.

விண்டோஸ் கணினியில் 2019க்குப் பிறகு வந்த பதிப்புகளில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. கைபேசிக்குச் செல்லினம் என்ற தட்டச்சுச் செயலி போதும். ஆனால் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். தட்டச்சு மூன்றாம் வகுப்புக்குப் பிறகு, வாரத்துக்கு ஒரு வேளை.

நெய்வேலி, தந்தை: எத்தனை மணி நேரம் கைபேசி பார்க்கலாம்?

இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டவே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பள்ளி வயதுக்கு நான் மணிக்கணக்கு பார்ப்பதில்லை. தூக்கம் குறைகிறதா, மாலை விளையாட்டு நின்றதா, சாப்பிடும்போதும் கைபேசி வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தில் ஓடியாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு.

லாஸ்பேட்டை, புதுச்சேரி, தந்தை: ஐந்தாம் வகுப்பு மகன் வீட்டுப்பாடக் கட்டுரையைச் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்குகிறான். தடுப்பதா, விடுவதா?

அதன் விதிமுறைப்படியே 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. எனவே அவன் தனியாகப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அது எழுதித் தருவதைத் திருத்தும் வேலையை அவனுக்குக் கொடுங்கள்.

எங்கள் வகுப்பில் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பற்றி என் கைபேசியில் கேட்டோம். பதில் வழவழவென்று வந்தது. பிள்ளைகளிடம் சிவப்பு மையைக் கொடுத்தேன். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தே விற்கப்பட்டன. அவற்றைக் குண்டு கிராமங்கள் என்பார்கள். அது பதிலில் இல்லை. ஒருவனுடைய தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் கேட்டு எழுதிவந்த பத்தி, எழுத்துப்பிழைகளோடும், கட்டுரையிலேயே நல்ல பத்தியாக இருந்தது. ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன்: ‘மரத்தின் பயன்கள்’ என்று தலைப்புக் கொடுத்தால் இயந்திரம்தான் எழுதும். ‘உங்கள் தெரு மரத்தடியில் நேற்று யார் உட்கார்ந்திருந்தார்கள்’ என்று கேளுங்கள்.

கடலூர் முதுநகர், தாத்தா: ‘நவீனத் திறன்’ என்கிறீர்களே, அப்படி என்னம்மா புதிதாக?

நம்ப மறுக்கத் தெரிவது ஐயா. ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் ஊரில் மழைக்கு முன்பே ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்ற வாட்ஸ்அப் செய்தி வந்துவிடுகிறது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அதைவிட நம்ப ஆசைப்படும் செய்தி உண்டா? அதனால்தான் அதையே பாடமாக்கினேன். தேதி இருக்கிறதா, போன ஆண்டுச் செய்தியா? யார் சொன்னது? ஆட்சியர் அறிவித்தது எந்த மாவட்டத்துக்கு? புதுச்சேரிக்கு விடுமுறை விட்டால் கடலூருக்கும் விட்டதாகாது. அது வேறு அரசு. வேறொரு இடத்திலும் அதே செய்தி இருக்கிறதா? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பழைய வெள்ளப் படங்கள் புதிதுபோலச் சுற்றின. துறைமுகத்துப் புயல் கூண்டின் எண்ணைப் படிக்கத் தெரிந்த உங்கள் தலைமுறைக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. பேரனுக்கும் அந்த எண்களைச் சொல்லிக்கொடுங்கள்.

சிதம்பரம், ஓய்வு பெறவிருக்கும் ஆசிரியை: கைக்கணினி என்றாலே நடுக்கமாக இருக்கிறது. குறைந்தபட்சம் எதைக் கற்றுக்கொள்ளட்டும்?

குரல் பதிவு. அது ஒன்று போதும் அக்கா. பிள்ளை ஒரு பத்தி வாசிக்கட்டும். பதிவை அதனிடமே போட்டுக்காட்டுங்கள். ‘பழம்’ என்று நினைத்து ‘பளம்’ என்று சொன்னதை நாம் திருத்தினால் முகம் சுருங்கும். தன் காதால் கேட்டால் தானே இன்னொரு முறை வாசிக்கிறேன் என்று வரும். மாதம் கழித்துப் பழைய பதிவைக் கேட்கவிடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலுக்குப் பதில் அந்த இரண்டு பதிவுகளையும் தாயிடம் போட்டுக்காட்டுகிறேன்.

விருத்தாசலம், இளம் ஆசிரியர்: பிள்ளைகள் ஆடிப் பாடும் காணொளியை ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

பெற்றோர் சம்மதம் இல்லாமல் கூடாது தம்பி. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், வாசிக்கத் திணறும் பிள்ளையின் காணொளியை எக்காரணத்துக்கும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பரங்கிப்பேட்டை, தலைமை ஆசிரியர்: புரொஜெக்டர் அடிக்கடி பழுதாகிறது. உங்கள் பள்ளியும் கடலோரம்தானே, என்ன செய்கிறீர்கள்?

உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடும் சார். பயன்படுத்தாவிட்டாலும் வாரம் ஒரு முறை ஓடவிடுங்கள். உள்ளே ஈரம் தங்காது. சூடு ஆறிய பிறகு துணி உறை போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு அலமாரிக்குள் வையுங்கள், ஜன்னல் பக்கம் வேண்டாம். மழைக்காலத்தில் வடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பள்ளியைப் பூட்டுவது.